இடது சீட்டுக்கு மணல் மூட்டை

வண்டி திரும்பி வந்துவிட்டது. அந்த அம்மா வரவில்லை.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். வலது சீட்டில் இருந்து பொன்னுசாமி சார் இறங்கினார். இடது சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும், முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணையும் மட்டும் இருந்தன.

"என்னாச்சுங்ண்ணா?" என்றார் பட்டறைக்கார பவுலின் அக்கா.

"அம்மிணி, நேத்து எங்க வீட்டுக்காரி ஒத்தக்கால்மண்டபத்துல எறங்கிட்டா."

"பாதி வழியிலயா?"

"வண்டிய நிறுத்துங்கன்னா. நிறுத்தினேன். கதவத் தொறந்து எறங்கினா. பின்னால வந்த பொள்ளாச்சி பஸ்ஸக் கை காட்டி ஏறிட்டா. நானும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலயே போனேனுங்க. கடைசி சீட்டு. கொண்டை மட்டும் தெரியுது. ஒருவாட்டி திரும்பிப் பாத்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நல்லவேளை அடக்கினேன். ஏனென்றால் அந்த வண்டிக்குக் கடைசியாகப் போல்ட் முறுக்கியது நான்.

"வண்டி என்ன பண்ணுச்சு?"

"துள்ளுது. சின்னக் கல்லு மேல ஏறுனாக்கூட இடுப்புல இடிக்குது. கீழ இருந்து ஒரு மொனகல் வேற. பழசே தேவலைன்னு சொல்லிட்டாளுங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

பட்டறை ஆவாரம்பாளையத்தில் இருக்கிறது. சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான். குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இரும்பு இணைப்புகளில் வருகிற ரப்பர். அக்கா என்ஜினைத் தொட மாட்டார். முன்பு ராலி ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். முப்பது வயது இருக்கும். நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டு, பெரம்பலூர் பக்கத்தில் இருந்து ராலி வண்டி வேலை கற்றுக்கொள்ளத்தான் அவரிடம் வந்தேன். வந்து பார்த்தால் ராலி வண்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆபீஸ் போகிற வண்டி, பிள்ளைகளை ஸ்கூலில் விடுகிற வண்டி.

என் பெயர் அறிவழகன். அக்காவுக்குக் கோபம் வந்தால் முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அப்போது சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

பொன்னுசாமி சார் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். இந்த வண்டியை ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கினார். முன்னால் வைத்திருந்தவன் தரையோடு தரையாக இறக்கி, கல் மாதிரி ஸ்பிரிங் போட்டிருந்தான். பார்க்க அழகுதான். சாரின் மனைவி சுலோச்சனா அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. வாங்கிய புதிதில் ஒரு தடவை உட்கார்ந்து காந்திபுரம் வரைக்கும் போயிருக்கிறார். திரும்பி வந்து, "இனி இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த அம்மா பஸ், சார் தனியாகக் கார்.

முதலில் எங்களிடம் வந்தபோது சார் கேட்டது இதுதான்.

"ஹேண்ட்லிங் நல்லா பண்ணித் தரோணும் அம்மிணி. தெனமும் ஓட்டற மாதிரி."

"நல்லா இருக்கணும்னா யாருக்குங்ண்ணா? ஓட்டறவருக்கா?"

அவர் இடது சீட்டைக் கையால் காட்டினார்.

அக்கா மெத்தென்ற ஸ்பிரிங்காக எடுத்தார். நல்ல ஷாக், புது ரப்பர். வண்டியையும் கொஞ்சம் உயர்த்துவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மெத்துன்னு போட்டா இது ஸ்போர்ட்ஸ் காரா, சோபாவாக்கா?"

அக்கா டீ வாங்கி வரச் சொன்னார்.

"ரெண்டு டம்ளர். வலது கைய மடக்காம வெறப்பா நீட்டிப் புடிச்சுக்கிட்டு வா. இடது கை உன் இஷ்டம்."

முக்குக் கடையில் இருந்து வந்து சேர்ந்தேன். வலது கை டம்ளரில் பாதிதான் இருந்தது. மீதி என் சட்டையில்.

"எந்தக் கை நல்லாப் புடிச்சுது?"

இடது கையைப் பார்த்தேன்.

அக்கா முழு டம்ளரை எடுத்துக்கொண்டார். பாதி டம்ளர் எனக்கு.

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. சார் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, பொள்ளாச்சியில் ஒரு காதுகுத்துக்கு இந்த வண்டியில் வருவதற்கு அந்த அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை. பிடிக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். அதுதான் பேச்சு. காதுகுத்துக்கு முந்தின நாள் அக்கா சென்னையில் மாட்டிக்கொண்டார். போனில், "ரப்பரெல்லாம் ஏத்திட்டியா, டைட் பண்ணி அனுப்பிரு" என்றார். நான் டைட் பண்ணி அனுப்பிவிட்டேன்.

இப்போது வண்டி எங்கள் முன்னால் நின்றது.

அக்கா குனிந்து, டயருக்கு மேல் இருக்கிற இடைவெளியில் விரல்களை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் நான்கு போயிற்று. நாலு சக்கரத்துக்கும் அப்படியே.

"எங்க வெச்சு முறுக்குன?"

"லிஃப்ட்லதான். மேல ஏத்தி நிறுத்திட்டு."

"சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சா?"

"தூக்குனா தொங்கத்தானே செய்யும்?"

லிஃப்டில் ஏற்றினால் போல்ட் எல்லாம் மூஞ்சிக்கு நேராக வரும். நின்றபடியே முறுக்கலாம். தரையில் இருந்தால் வண்டிக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, கழுத்தை ஒடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். யார் இறங்குவது?

"எல்லா போல்ட்டும் சரியான அளவுக்கு டைட் வெச்சேன்க்கா. ரெஞ்ச் டிக்குனு சொல்ற வரைக்கும். ஒண்ணுகூட லூஸ் கெடையாது. அப்புறம் எப்படித் தப்பாகும்?"

அக்கா உள்ளே போய்ப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு நுனியை மேலே உத்திரத்துக் கொக்கியில் கட்டினார்.

"இடது கையத் தூக்கு. நல்லா மேல."

தூக்கினேன். இன்னொரு நுனியை என் மணிக்கட்டில் கட்டினார்.

"இழுக்குதா?"

"இல்ல. சும்மா இருக்கு."

"சரி. கைய எறக்கி வேலையப் பாரு. அந்த ஸ்பிரிங்கெல்லாம் தொடைச்சு வை."

பொன்னுசாமி சார் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க அம்மிணி, பையனுக்கு ஊஞ்சல் கட்டறீங்களா?" என்றார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஸ்பிரிங்கைத் துடைக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாக மேலே போனது. இழுத்துக் கீழே கொண்டுவந்தேன். மறுபடி போனது. துணியைப் பிடித்தால் துணியோடு போனது. ஸ்பிரிங்கைப் பிடித்தால் ஸ்பிரிங் ஆடியது. இழுப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விடவே இல்லை.

மத்தியானம் ஊரில் இருந்து என் அம்மா போன் பண்ணினார். வலது கையெல்லாம் கிரீஸ். இடது கையால் எடுத்தேன். காதில் வைத்தால் போன் காதை விட்டு மேலே மேலே போகிறது. இன்னொரு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். டியூப் தொய்ந்தது. அங்கே நின்றுதான் பேசினேன்.

"சாப்டியாப்பா?"

"ம்."

"ஒன் கட்டில்ல வெங்காய மூட்டய அடுக்கிட்டோம் தம்பி. மழ வர்றாப்ல இருக்கு. தரையில போட்டா அழுகிரும். கட்டிலு சும்மாதான கெடக்கு."

"அடுக்கிக்கங்க."

"நீ வந்தா எடுத்துரலாம்."

"நான் எப்ப வரப்போறேன்."

அம்மா போனை வைத்துவிட்டார்.

எனக்கு அந்தக் கட்டிலைப் பிடிக்கவே பிடிக்காது. கயிறு தொய்ந்துபோன கட்டில். படுத்தால் முதுகு தரையைத் தொடும். ஆனாலும் மூட்டையை வைத்திருக்க வேண்டாம்.

ஸ்டூலில் இருந்து இறங்கினேன். கை மறுபடி மேலே போனது.

"அக்கா, போதும். தோள்பட்டை விட்டுப்போச்சு. மேல போகணும் மேல போகணும்னே இழுக்குது இது."

"ரப்பர் மேல தப்பு இருக்கா?"

"கட்டுன நீங்கதான் தப்பு."

"ஆமா. ரப்பர எங்க வெச்சு முறுக்குறமோ, அதத்தான் அது வீடுன்னு நெனச்சுக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வண்டியைப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளின் நுனியில் எல்லாம் ரப்பர். காற்றில் தொங்கும்போது முறுக்கிய ரப்பர். தரைக்கு வந்த பிறகும் அந்தத் தொங்கலுக்கே திரும்பப் போகப் பார்த்துக்கொண்டு, ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும்.

"அந்த இழுப்பு எங்கக்கா போகும்?"

அக்கா என் கையில் இருந்த டியூப்பை அவிழ்த்துவிட்டு, இடது சீட்டில் இருந்த முதுகுத் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வண்டியைக் குழி மேல் கொண்டுவந்து நிறுத்தினோம். தலையணையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு நான் குழிக்குள் இறங்கினேன். ரப்பர் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் டொக் என்றது. கடைசிப் போல்ட் தளர்ந்ததும் வண்டி மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. பொழுதெல்லாம் கல்யாணப் பந்தியில் நின்றவர் உட்காருவாரே, அந்த மாதிரி. அக்கா மேலே இருந்து நாலு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டார். அது ஆடி நின்றது. டயருக்கு மேல் விரலை விட்டுப் பார்த்தார். மூன்று.

"முறுக்கிரட்டுமாக்கா?"

"இது வெறும் வண்டி. வெறும் வண்டி எங்க போகப்போகுது? அண்ணா, நீங்க ஏறி உக்காருங்க."

சார் வலது சீட்டில் உட்கார்ந்தார். வலது பக்கம் இறங்கியது. இடது பக்கம் அப்படியே நின்றது.

"லேசான வண்டி. ஒரு ஆள் ஏறுனாலே தெரியுது பாரு" என்றார் அக்கா. "இடது பக்கத்துக்கும் எடை வேணும். அண்ணா, சுலோச்சனா அக்கா எவ்வளவு எடை இருப்பாங்க?"

சார் முழித்தார்.

"தெரியலைங்களே."

"கிரைண்டர் எடையெல்லாம் கண்ண மூடிட்டுச் சொல்லுவீங்க?"

"அது விக்கறதுங்க. இது..." என்று இழுத்தார். "கேட்டா திட்டுவாளுங்."

"போன் போட்டுக் கேளுங்க."

போட்டார். ஸ்பீக்கரில்தான் போட்டார், தெரியாமல் அழுத்திவிட்டாரோ என்னவோ. நான் குழிக்குள் இருந்தே எல்லாவற்றையும் கேட்டேன்.

"என்னங்க?"

"சுலோ, நீ எத்தன கிலோ இருப்ப?"

"என்னது?"

"எடை. உன்ற எடை."

"எடைக்குப் போடப் போறீங்களா? அந்த வண்டியப் போடுங்க மொதல்ல."

"அதில்ல. இங்க அம்மிணி வண்டியச் சரி பண்றாங்க. போனவாட்டி ஆளு இல்லாம முறுக்கிட்டாங்களாமா. இப்ப ரெண்டு பேரு எடையும் வெச்சு முறுக்கோணுமாமா. நான் உக்காந்துட்டேன். உன்ற எடைக்கு மணல் மூட்டை வெக்கறாங்களாமா."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"என் எடத்துல மூட்டையா?"

"எடைக்குத்தான் சுலோ."

"வெச்சுக்கங்க. இத்தன நாளும் என்னைய அப்படித்தான நெனச்சீங்க."

கட் ஆகிவிட்டது. எடையைச் சொல்லவில்லை.

சார் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா மணியைப் பார்த்தார். கணபதி ஏரியாவில் ஒருவருக்கு ஷாக் அப்சார்பர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி இருந்தது.

"அறுபது கிலோன்னு வெச்சுக்கலாம். டேய் அறிவு, முப்பது கிலோ மூட்டை ரெண்டு எடுத்து இடது சீட்டுல வை. போல்ட்ட முறுக்கு. நான் வர்றதுக்குள்ள முடிச்சிரு. இன்னிக்கு வண்டி வெளிய போகணும்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடது கதவைத் திறந்தேன். மணல் லேசாகச் சிந்தியது. சார் அவசரமாகத் தன் துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். விரித்த துண்டின் சுருக்கத்தைத் தடவி எடுத்தார். தடவிய கையை எடுக்கவில்லை.

"கைய எடுங்க சார்."

எடுத்தார். துண்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு கொண்டை ஊசி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அவங்க வருவாங்களா சார்?"

"தெரியல கண்ணு."

"வர மாட்டேன்னு சொன்னாங்களா?"

"வர்றேன்னும் சொல்லல. வர மாட்டேன்னும் சொல்லல. நீயுந்தான கேட்ட?"

"வீடு எங்க?"

"பீளமேடு. ஆட்டோவுல வந்தா இந்தா இருக்குது." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வையி கண்ணு. மூட்டைய வையி. உனக்குத் திட்டு விழும்."

நான் சீட்டைப் பார்த்தேன். துண்டு விரித்து, பக்கத்தில் தலையணை வைத்து, யாரோ வரப்போகிற மாதிரியே இருந்தது. மூட்டை தோளில் கனத்தது. கீழே தரையில் வைத்தேன். கதவை மட்டும் சாத்தாமல் விட்டேன்.

"ஏன் கண்ணு?"

"மொதல்ல வலது பக்கம் ரெடி பண்றேன் சார்" என்றேன். அது பொய். ஒரு பக்கத்தை மட்டும் ரெடி பண்ண முடியாது. இடது பக்கத்தில் எடை ஏறினால் வலது பக்கமும் கொஞ்சம் மாறும். அது எனக்கும் தெரியும்.

குழிக்குள் இறங்கினேன். இடது பக்கப் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு நின்றேன்.

கீழே இருந்து பார்த்தால் ஆள் தெரியாது. ஸ்பிரிங்தான் தெரியும். சார் மூச்சு விட்டால்கூட வலது ஸ்பிரிங்குக்குத் தெரிந்தது. தெருவில் ஆட்டோ சத்தம் வந்தால் அது லேசாக அசையும். திரும்பிப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஆட்டோ போய்விட்டால் பழைய இடத்துக்கு வரும். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெருவைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்பிரிங்கைப் பார்த்தாலே போதும். ஆட்டோ வருகிறது. ஆட்டோ போய்விட்டது.

இடது ஸ்பிரிங் அசையவில்லை.

கழுத்து வலித்தது. பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காராதவன் நான். அதனால்தான் வெளியே வந்தேன். அன்றைக்கு எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"இல்லக்கா."

"மூட்டை எங்கடா?"

"கீழ இருக்கு."

"ஏன்?"

குழியில் இருந்து எனக்கு அக்காவின் செருப்பும் மூட்டையின் அடியும் மட்டும் தெரிந்தன. செருப்பு கதவு வரைக்கும் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. துண்டு விரித்திருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

செருப்பு திரும்பி வந்தது.

"மூட்டைய வெச்சு முறுக்கு, அறிவழகா. கடைய அடைக்கணும்" என்றார்.

சொல்லிவிட்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தெருவில் ஒரு ஆட்டோ வந்தது. வலது ஸ்பிரிங் அசைந்தது. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு இடது ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.

மூட்டையை வைத்து முறுக்கச் சொல்லியிருந்தார். நான் வைக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.